அடிபட்டு வாங்கிய பிரேக்

உப்பு லாரி குறுக்கே திரும்பியதை ஸ்டானிஸ்லாஸ் நன்றாகத்தான் பார்த்தான். வெகு தூரத்திலேயே பார்த்துவிட்டான். எர்ணாவூரைத் தாண்டிக் காத்திவாக்கம் போகிற அந்த ரோட்டில் காலை நேரத்தில் மறைக்க ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் உப்பளம், நடுவில் கறுப்பாக ரோடு, அதன் குறுக்கே மூட்டை ஏற்றிய லாரி.

பிரேக்கை மிதித்தான். பெடல் கல்லாக நின்றது. கார் மட்டும் நிற்கவில்லை.

விடிந்ததிலிருந்து அதே ரோட்டில் விரட்டுவதும் சட்டென்று பிரேக் பிடிப்பதுமாக இருந்ததில் முன் சக்கரத்து பிரேக் டிரம் இரண்டும் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தன. உள்ளே உரசிப் பிடிக்கிற லைனிங் கருகிப்போய்க் கண்ணாடி மாதிரி வழுக்கியது. எவ்வளவு மிதித்தாலும் அது எதையும் பிடிக்கிற நிலையில் இல்லை.

"மாமு, பிடி," என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மஜீது. சாதாரணமாகத்தான் சொன்னான். பிடிப்பான் என்று நம்பிக்கொண்டுதான் சொன்னான்.

லாரியின் பின்பக்கத்து மூலையில் கார் போய் இடித்தது. மஜீது முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு தோள்வரைக்கும் வெளியே போனான். லாரியில் இருந்த மூட்டைகள் கட்டு அறுந்து காரின் மேல் விழுந்தன. உப்பு கொட்டியது. மஜீதின் முகத்தில், கிழிந்த கன்னத்தில், கண்ணாடிச் சில்லு ஏறிய இடது கண்ணில், எல்லா இடத்திலும் உப்பு. அவன் போட்ட சத்தம் உப்பளத்து ஆட்களையெல்லாம் மண்வெட்டியோடு ஓடிவர வைத்தது.

அந்த நேரத்தில் ஸ்டானிஸ்லாஸ் செய்தது என்ன தெரியுமா? கதவை உதைத்துத் திறந்து இறங்கினான். "கண்ணு தெர்லயாடா உனக்கு?" என்று கேட்டபடி வந்த லாரி டிரைவரின் மூக்கில் ஒரு குத்து விட்டான். அவன் விழுந்த பிறகும் விடாமல் இடுப்பில் மிதித்தான். உப்பு வாரும் பெண் ஒருத்தி மண்வெட்டிக் காம்பால் ஸ்டானிஸ்லாஸின் முதுகில் ஓங்கிப் போட்டாள்.

"அடிக்கிறதுக்கு அப்பால நேரம் கீது. இந்தப் பையன தூக்குடா மொதல்ல."

அப்போதுதான் அவனுக்கு மஜீதின் சத்தம் காதில் விழுந்தது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மஜீதின் உயிர் பிழைத்தது, கண் பிழைக்கவில்லை. வராந்தாவில் மஜீதின் அண்ணன் செருப்பைக் கழற்றி ஸ்டானிஸ்லாஸின் முகத்தில் மாற்றி மாற்றி அடித்தார். அவன் சுவரில் சாய்ந்து நின்றான். கையைத் தூக்கவில்லை. ராயபுரத்தில் அவனைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில், ரயில்வே பாயின்ட்ஸ்மேன் வீட்டில் பிறந்தவன் ஸ்டானிஸ்லாஸ். பேச்சு வருவதற்கு முன்னால் கை வந்துவிடும் அவனுக்கு. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரை அடித்தான். பூசைக்குப் போன இடத்தில் பாட்டுக் குழுவில் நின்றவனை அடித்தான். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவரின் மகள் ரோசியைக் கட்டிக்கொண்ட புதிதில் அவள் மேலும் ஒரு தடவை கையை ஓங்கினான். ரோசி கத்தவுமில்லை, அழவுமில்லை. மீன் அரிகிற அருவாமனையை நடு வீட்டில் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வாய்யா," என்றாள். அவன் போகவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் கை ஓங்கியதும் இல்லை.

வெளியில் அடிதடி நிற்கவில்லை. அறுபத்தாறில் திருவொற்றியூரில் அவன் வேலை பார்த்த மோட்டார் கம்பெனியைப் பூட்டினார்கள். ஆட்கள் வாசலில் மறியலுக்கு உட்கார்ந்திருந்தபோது சில பேரை மட்டும் வேலை செய்ய வேனில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். அந்த வேனில் கிருஷ்ணப்பன் இருந்தான். ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவன், பெண்டாட்டி பிரசவத்துக்குப் படுத்திருந்ததால் ஏறியவன். ஸ்டானிஸ்லாஸ் அவனைச் சட்டையைப் பிடித்து வேனிலிருந்து இழுத்துப் போட்டு, பெரிய ஸ்பேனரால் தாடையில் அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் பத்தடி தள்ளி நின்றவர்களுக்கும் கேட்டது. போலீஸ் தடியடியில் இவன் மண்டையும் உடைந்தது, ஜெயிலுக்கும் போனான், வேலையும் போயிற்று.

வெளியே வந்து காலடிப்பேட்டையில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் ஆனான். லேத் வேலை தெரிந்த மஜீது கூட்டுச் சேர்ந்தான். டாக்சியாக ஓடித் தேய்ந்த பழைய ஃபியட் ஒன்றை வாங்கி, இரண்டு பேரும் அதைப் பந்தயக் காராக மாற்றினார்கள். வருஷா வருஷம் சோழவரம் விமானத் தளத்தில் நடக்கிற பந்தயத்தில் ஓட்டவேண்டும் என்பது ஸ்டானிஸ்லாஸின் வெறி. எஞ்சினைப் பிரித்து ஹெட்டை இழைத்தான், இரண்டு கார்புரேட்டர் வைத்தான், சைலன்சரை அறுத்தான். கார் பறந்தது. "மொதல்ல பிரேக்க பாரு மாமு," என்று மஜீது சொல்லிக்கொண்டே இருந்தான். "அத்த அப்பால பாத்துக்கலாம்," என்று இவனும் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அந்த அப்பால்தான் உப்பு லாரியாக வந்து நின்றது.

கண்ணில் கட்டோடு மஜீது கொட்டகைக்குத் திரும்பி வந்த அன்று ஸ்டானிஸ்லாஸ் அந்த ஃபியட்டை உடைத்துக்கொண்டிருந்தான். சம்மட்டியால் கதவு, மட்கார்டு, கூரை என்று கண்ட இடத்தில் போட்டுக்கொண்டிருந்தான். மஜீது வாசலில் ஒரு டயர் மேல் குந்தி, அவனுக்கு மூச்சு வாங்குகிறவரை பார்த்தான்.

"ஒரு கண்ணு பூட்ச்சு," என்றான். "இன்னொன்ன வெச்சிகினு நீ பண்ற கூத்த பாக்கலாம்னு வந்தேன். எஞ்சின்ல மட்டும் அடிச்சிடாத. அதுல என் ஒழப்பும் கீது."

ஸ்டானிஸ்லாஸ் சம்மட்டியைப் போட்டான்.

"உனக்கு இன்னா செய்யணும் சொல்லு. செய்யறேன்."

"நிக்கிற வண்டி ஒண்ணு செய். அதுல என்ன குந்த வெச்சு ஓட்டு. நானும் பயப்படாம குந்தறனான்னு பாக்கறேன்."

அப்படித்தான் முன் பிரேக்கைத் தேடுகிற வேலை ஆரம்பித்தது.

நசுங்கிய ஃபியட்டையே தட்டி நிமிர்த்தி, முதலில் சுலபமான வழியைப் பார்த்தார்கள். டிரம் அதே டிரம். பந்தயக்காரர்கள் போடுகிற கெட்டி லைனிங்கை மட்டும் பிரேக் ஷூவில் ஒட்டினார்கள். சூட்டுக்குக் கருகாது என்று விற்றவர் சொன்னது உண்மைதான். சூடேறாமல் பிடிக்கவும் செய்யாது என்பதை அவர் சொல்லவில்லை. காலையில் கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்தபோது அது சந்தைக் கடந்து எதிர் வீட்டுச் சுற்றுச்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நின்றது. வீட்டுக்காரர் உலக்கையோடு வந்தார். ஸ்டானிஸ்லாஸ் உலக்கையைப் பிடுங்கினான். மஜீது நடுவில் விழுந்து, அந்த உலக்கை அடியில் பாதியைத் தன் தோளில் வாங்கிக்கொண்டான்.

அடுத்தது பெரிய டிரம். கனமான கார் ஒன்றின் முன் டிரம்மை வாங்கி, உள்ளே காற்றுப் போய்ச் சூடு தணியட்டும் என்று விளிம்பைச் சுற்றி ஸ்டானிஸ்லாஸ் துளை போட்டான். "துளை நெருக்கமா கீது மாமு, பலம் பூடும்," என்றான் மஜீது. இவன் கேட்கவில்லை. மறுபடியும் காத்திவாக்கம் ரோடு, மறுபடியும் விரட்டிப் பிடித்தல். முதலில் நன்றாகவே நின்றது. ஸ்டானிஸ்லாஸ் சிரித்தான். அடுத்த பிடியில் வலது பக்கத்து டிரம் வெடித்தது. துளையிலிருந்து துளைக்கு விரிசல் ஓடி, உள்ளங்கை அகல இரும்புத் துண்டு மட்கார்டைக் கிழித்துக்கொண்டு வெளியே பறந்து, ரோட்டோரப் பனைமரத்தில் கத்தி மாதிரி ஏறி நின்றது. கார் சரிந்து உப்பளத்து வரப்பில் முட்டியது. அந்த மரத்தடியில் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருந்ததை இருவரும் பார்த்திருந்தார்கள்.

மரத்திலிருந்து அந்தத் துண்டைப் பிடுங்க ஸ்டானிஸ்லாஸ் இழுத்தான். வரவில்லை. விட்டுவிட்டான்.

"டிஸ்க்குதான்," என்றான் மஜீது. "டிரம்ம எவ்ளோ பெருசா போட்டாலும் சூடு உள்ளதான் கீது. டிஸ்க்குன்னா வெறும் தட்டு. வெளில காத்துல சுத்துது. ரெண்டு பக்கமும் பேட்டு வந்து இடுக்கி மாதிரி பிடிக்கும். காஞ்சாலும் சட்டுனு ஆறிடும்."

"நம்ம ஊர்ல எவன் டிஸ்க்கு வெச்சிகினு கீறான்?"

மஜீது வரப்பில் போய்க் குந்தினான். "ஒருத்தன் கீறான்," என்றான் கடைசியில். "வெளிநாட்டுக்காரன் வெச்சிருந்த இங்கிலீஷ் காரு. பின்னால லாரி இடிச்சு நசுங்கினது. முன்பக்கம் அப்பிடியே கீது. ஏலத்துல எட்துகினு வந்து போட்டுகிறான்."

"யாரு?"

"கிருஷ்ணப்பன்."

கிருஷ்ணப்பன் கம்பெனியை விட்டு எப்போதோ வந்துவிட்டிருந்தான். ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி ஒரு பழைய இரும்புக் கிடங்கு வைத்திருந்தான். தாடை கோணலாகக் கூடியிருந்தது. வாய் முழுசாகத் திறக்காது; சோற்றைக் குழைத்துத்தான் தின்பான்; பேசினால் வார்த்தை பக்கவாட்டில் வரும். ஊரில் அவனுக்கு வைத்த பட்டப்பெயரை அவன் எதிரில் யாரும் சொல்லுவதில்லை.

ஸ்டானிஸ்லாஸ் மூன்று நாள் போகாமல் இருந்தான். நாலாம் நாள் ரோசியிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினான். மஜீது கேட்காமலே கூட வந்தான்.

கிடங்கில் ஆட்கள் கப்பல் சங்கிலியை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணப்பன் ஒரு இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். இவனைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. அறுக்கிற சத்தம் மட்டும் ஒவ்வொன்றாக நின்றது.

"அந்தக் காரோட முன் பிரேக்கு வோணும்," என்றான் ஸ்டானிஸ்லாஸ். சுற்றி வளைக்கத் தெரியாதவன்.

"எதுக்கு?"

"நிக்கிறதுக்கு."

கிருஷ்ணப்பன் மஜீதின் கண்கட்டைப் பார்த்தான். பிறகு இவனைப் பார்த்தான்.

"அன்னிக்கு நீ நிக்கல," என்றான். "நான் கீய விழுந்து கைய கூப்பினேன். நெனவு கீதா உனக்கு?"

ஸ்டானிஸ்லாஸுக்கு நினைவில்லை. ஸ்பேனரும், வேன் கதவும், சத்தமும் நினைவிருந்தன. கூப்பிய கை நினைவில்லை. அதை அப்படியே சொன்னான்.

"தெர்ல."

"எனக்குத் தெரியும்." கிருஷ்ணப்பன் எழுந்து வந்தான். "காசு வேணாம். கைய பின்னால கட்டிகினு நில்லு. எனக்குப் போதும்னு தோணற வரைக்கும் அடிப்பேன். நின்னா கயட்டி எட்துகினு போ. கை வந்துச்சுன்னா வெறுங்கையோட போ."

மஜீது ஸ்டானிஸ்லாஸின் முழங்கையைப் பிடித்தான். "வேணாம் மாமு. வா போலாம். வேற பாத்துக்கலாம்."

ஸ்டானிஸ்லாஸ் கையைப் பின்னால் கட்டினான்.

கிருஷ்ணப்பன் பக்கத்தில் கிடந்த ஒரு கம்பியை எடுத்தான், எடை பார்த்தான், கீழே போட்டான். வெறும் கையாலேயே அடித்தான். முதல் அடி காதோடு விழுந்தது. இரும்பு தூக்கிப் பழகிய கை. ஸ்டானிஸ்லாஸுக்குக் கிடங்கு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அடுத்தது வாயில். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. அதற்கடுத்ததை ஓங்கியபோது ஸ்டானிஸ்லாஸின் வலது கை அவனைக் கேட்காமலே முன்னால் வந்து கிருஷ்ணப்பனின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. பிடித்த பிடியில் எலும்பு நெரிவது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் முறுக்கினால் போதும். முறுக்கத் தெரிந்த கைதான். சங்கிலி அறுத்த ஆட்கள் இரண்டடி முன்னால் வந்தார்கள்.

"வுடு," என்றான் கிருஷ்ணப்பன். கோணல் வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. "இல்லேன்னா ஒடச்சுட்டுப் போ. உனக்குத் தெரிஞ்சது அதுதான."

விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் ஸ்டானிஸ்லாஸால் அந்தக் கையை விட முடிந்தது. மறுபடியும் பின்னால் கட்டிக்கொண்டான். இந்தத் தடவை ஒரு கையால் இன்னொரு கையின் சட்டைத் துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டான்.

பிறகு விழுந்த அடிகளை மஜீது பார்க்கவில்லை, திரும்பிக்கொண்டான். சத்தம் மட்டும் கேட்டான். கடைசியில் ஸ்டானிஸ்லாஸ் பழைய பேட்டரிக் குவியலின் மேல் போய் விழுந்தான். பல் இரண்டு மண்ணில் கிடந்தது. எழுந்து நிற்கப் பார்த்து முட்டி போட்டான். முட்டி போட்டபடியே கையைப் பின்னால் கொண்டுபோனான்.

கிருஷ்ணப்பன் மேலே அடிக்கவில்லை. அவன் கை விரல் முட்டிகள் கிழிந்து ரத்தம் சொட்டியது. போய் ஸ்டூலில் உட்கார்ந்தான். ஜெயித்தவன் முகம் இல்லை அது.

"கணக்கு தீந்துச்சுன்னு நெனச்சிக்காத," என்றான். "என் பொண்ணு என் மூஞ்சிய இப்பிடித்தான் பாத்துகினு வளர்றா. போ. போய்க் கயட்டு."

இரண்டு பேரும் கழற்றினார்கள். தட்டு இரண்டு, அதைப் பிடிக்கிற காலிப்பர் இரண்டு. ஸ்டானிஸ்லாஸின் வாயிலிருந்து சொட்டிய ரத்தம் தட்டின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. துடைத்துத் துடைத்துக் கழற்றினான். கிளம்பும்போது கிருஷ்ணப்பன் ஸ்டூலிலிருந்தபடியே ஒன்று சொன்னான்.

"எடது பக்கத்து பிஸ்டன் துருப்பிடிச்சு இறுகிகிது. அப்பிடியே போட்டா வண்டி ஒரு பக்கமா இயுக்கும். புதுசு கடைஞ்சு போடுங்க."

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்திருந்தால் அவன் பழி வேறு மாதிரி தீர்ந்திருக்கும். அவன் சொன்னான்.

வீங்கிய முகத்தோடு வீட்டுக்குப் போனபோது ரோசிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மஜீது சொல்லியிருந்தான். கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள்.

"நீ திருப்பி அடிக்கலியாமே?"

"ஊம்."

"வலிக்குதா?"

"கைதான் வலிக்குது," என்றான். அது உண்மைதான். பின்னால் கட்டி இறுக்கியதில் தோள் இரண்டும் கழன்றுபோன மாதிரி இருந்தது.

வாங்கியதோடு முடியவில்லை. இன்னொரு காரின் பிரேக் இந்தக் காரில் தானாக உட்காராது. ஒவ்வொரு காலிப்பரையும் அச்சோடு பிடிக்க ஒரு தகடு வேண்டும். வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம் என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

"ஒட்டாத," என்றான் மஜீது. "கெட்டித் தகட்டுல அறுத்து எடுக்கறேன். நாள் ஆனாலும் ஆவட்டும்."

இந்தத் தடவை ஸ்டானிஸ்லாஸ் சரி என்றான். ஒற்றைக் கண்ணால் அளவு பிடிக்க மஜீது திணறினான், ஆழம் தெரியவில்லை. விரலால் தடவித் தடவிக் கடைந்தான். இரண்டு தகட்டை வீணாக்கினான். லேத்தில் விரல் நுனி சீவிக்கொண்டு போயிற்று. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். மூன்றாவது தகடு சரியாக உட்கார்ந்தது; அதே அளவில் மறுபக்கத்துக்கும் ஒன்று எடுத்து, இடது பிஸ்டனையும் புதிதாகக் கடைந்தான்.

முதல் ஓட்டத்தில் முன்பக்கம் பிரமாதமாகப் பிடித்தது. பிடித்த வேகத்தில் காரின் மூக்கு தாழ்ந்து, பின்பக்கம் லேசாகி, பின் சக்கரம் பூட்டிக்கொண்டு, கார் பம்பரமாகச் சுழன்றது. பக்கத்தில் இருந்த மஜீது கைப்பிடியை இறுக்கிக்கொண்டு வாந்தி எடுத்தான். ரோட்டில் இறங்கி அவன் நடுங்குவதைப் பார்த்த ஸ்டானிஸ்லாஸ், "போதும், வுட்டுடலாம். இத்த வித்துடலாம்," என்றான்.

"வுட்டுட்டு?" என்றான் மஜீது வாயைத் துடைத்தபடி. "பின் பிரேக்கு அளவுக்கு மேல பிடிக்குது. சின்ன சிலிண்டரா மாத்து. ஜல்தியா வா."

பின்னால் சின்ன சிலிண்டர் போட்டார்கள். அடுத்த தடவை அதே ரோட்டில், அதே வேகத்தில், உப்பு லாரிகள் திரும்புகிற அதே இடத்தில் ஸ்டானிஸ்லாஸ் பிடித்தான். வயிறு முதுகில் ஒட்டுகிற மாதிரி கார் நின்றது. நேராக நின்றது. மறுபடி, மறுபடி, வெயில் ஏறுகிறவரை பிடித்தான். ஒவ்வொரு தடவையும் நின்றது. மஜீது அதன் பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு பீடி பற்றவைத்தான்.

எழுபத்தொன்று பிப்ரவரியில் சோழவரம். ஓடுதளத்தின் இரண்டு ஓரமும் ஜனம். வளைவுகளில் வைக்கோல் கட்டும் தார் டிரம்மும் அடுக்கியிருந்தார்கள். ரோசி ஒரு கட்டையின் மேல் ஏறி நின்று பார்த்தாள். மஜீது பக்கத்தில் நின்றான். ஸ்டானிஸ்லாஸின் காரைவிட வேகமான கார்கள் நாலைந்து இருந்தன. நேரான தளத்தில் அவை முந்தின. ஆனால் தளம் முடிகிற இடத்தில், கொண்டை ஊசி மாதிரி மடங்குகிற வளைவில், மற்றவர்கள் பிரேக்கை மிதித்த பிறகும் இவன் மிதிக்காமல் வந்து, கடைசியில் பிடித்து, ஒவ்வொருவராக உள்பக்கம் நுழைந்து முந்தினான். பாதிப் பந்தயத்தில் இவனுக்கு முன்னால் குணசேகரன் என்பவனின் கார் மட்டும்தான் இருந்தது. பின்னால் ஒட்டிக்கொண்டு ஜெயவேல் வந்தான். இருவரும் பணக்கார வீட்டுப் பையன்கள், பெரிய எஞ்சின், பழைய டிரம். இரண்டு காரின் சக்கரத்திலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது.

கொண்டை வளைவுக்கு வரும்போது குணசேகரனின் பிரேக் விளக்கு எரிந்தது. வேகம் குறையவில்லை. என்ன நடக்கிறது என்று அந்தத் திடலில் ஸ்டானிஸ்லாஸைப் போலத் தெரிந்தவன் யாரும் இல்லை. கார் தார் டிரம்மைச் சிதறடித்து, எகிறி, கூரை கீழாக ஓடுதளத்தின் நடுவில் வந்து விழுந்தது. ஜன்னல் வழியாகக் குணசேகரன் இடுப்புவரை வெளியே தொங்கினான். ரத்தத்தில் வழுக்கி வழுக்கிக் கையை ஊன்றினான்.

ஸ்டானிஸ்லாஸ் பிரேக்கின் மேல் ஏறி நின்றான். டயர் கதறியது. கார் நின்றது. முன்னால் ஒரு கட்டில் போடுகிற இடம் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் குணசேகரனின் தலை.

கண்ணாடியில் ஜெயவேலின் கார் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவனும் மிதித்துக்கொண்டுதான் இருந்தான். அந்தக் கார் நிற்காது. கதவைத் திறந்து குதித்துவிட ஸ்டானிஸ்லாஸுக்கு நேரம் இருந்தது. குதித்திருந்தால் ஆளில்லாத கார் தள்ளிக்கொண்டு போய்க் குணசேகரனின் தலையை நசுக்கியிருக்கும். இரண்டு காலையும் பெடலில் வைத்து, முதுகை சீட்டில் கொடுத்து, பலம் கொண்டமட்டும் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இடித்தது. காரின் பின்பக்கம் சீட்டுவரை மடங்கியது. அவன் தோள்பட்டை எலும்பு ஸ்டியரிங்கில் முறிந்தது. வலது கணுக்கால் பெடலுக்கும் தரைக்கும் நடுவில் நொறுங்கியது. பூட்டிய முன் சக்கரங்கள் தார் மேல் கறுப்புக் கோடு போட்டபடி தேய்ந்து தேய்ந்து போய், நின்றன. பம்பர் குணசேகரனின் முடியில் பட்டுக்கொண்டிருந்தது.

ஜெயவேல் இறங்கி ஓடிவந்தான். முன்னால் என்ன கிடக்கிறது என்று அவன் பார்க்கவில்லை. ஜன்னலுக்குள் கையை விட்டு ஸ்டானிஸ்லாஸின் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "எவன்டா நடு ரோட்டுல நிறுத்துவான்? பந்தயம் ஓட்ட வந்தியா, சாக வந்தியா?"

முறிந்த எலும்பு உள்ளே குத்தியது. ஸ்டானிஸ்லாஸ் மகானாகிவிட்டான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கை வேலை செய்யாததால், தலையால் ஜன்னல் வழியாக ஜெயவேலின் முகத்தில் முட்டினான். மூக்கு உடைந்து அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து பம்பருக்குக் கீழே கிடந்த குணசேகரனைப் பார்த்தான். ஆட்கள் வந்து தூக்குகிறவரை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே இருந்தான்.

ரோசி ஓடிவந்து சேர்ந்தபோது ஸ்டானிஸ்லாஸின் கால் இன்னும் பெடலை விடவில்லை. "வுடுய்யா, போதும்," என்று சொல்லி அவள்தான் முட்டியைப் பிடித்துத் தூக்கி எடுத்தாள்.

குணசேகரன் பிழைத்தான், நொண்டி நடந்தான், ஆனால் நடந்தான். ஸ்டானிஸ்லாஸின் கணுக்கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. பந்தயம் ஓட்டுகிற ஆசை அத்தோடு முடிந்தது. அதைப்பற்றிக் கேட்டால் எரிந்து விழுவான். ஆனால் கொட்டகைக்கு ஆள் வந்தது. டாக்சிக்காரர்கள் வந்தார்கள், துறைமுகத்துக்குச் சரக்கு அடிக்கிற லாரிகள் வந்தன. எல்லோரும் பிரேக்குக்குத்தான் வந்தார்கள்.

எழுபத்தைந்தில் ஒரு லாரி முதலாளி வந்தான். எண்ணூரிலிருந்து கந்தக அமில டிரம் ஏற்றுகிற வண்டி. முன் பிரேக் டிரம் விரிசல் விட்டுப் பிளந்திருந்தது. "இன்னிக்கு ஒரு நடை அடிச்சுட்டு நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று சாவியைக் கேட்டான். ஸ்டானிஸ்லாஸ் தரவில்லை. முதலாளி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். சந்தில் பெரிய அடிதடி. ஸ்டானிஸ்லாஸின் விலா எலும்பு உடைந்தது. முதலாளியின் முன் பல் போயிற்று. மஜீது கண் இல்லாத பக்கத்திலிருந்து வந்த அடியைப் பார்க்க முடியாமல் வாங்கி மயங்கி விழுந்தான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பழைய வழக்கையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கு வயசாவலியாடா? எதுக்கு அடிச்ச?" என்று கேட்டார்.

"அந்த வண்டி நிக்காது சார்," என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

அவனை உள்ளே தள்ளினார்கள். மறுநாள் முதலாளி டிரைவரோடு கொட்டகைக்குப் போனபோது, லாரி நான்கு மரக்கட்டைகளின் மேல் நின்றிருந்தது. முன் சக்கரம் இரண்டையும் காணோம். ரோசி வாசலில் அதில் ஒரு சக்கரத்தின் மேல் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"புது டிரம்மு எட்துகினு வா," என்றாள் நிமிராமல். "அவரு வந்ததும் மாட்டுவாரு."